தலை திரும்பாத குழந்தை: திருப்பிப் பார்ப்பதா, சிசேரியனா, அப்படியே பெறுவதா?

36வது வார ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ப்ரீச்’ என்று ஒரு சொல் இருக்கும்; குழந்தையின் தலை மேலேயும் புட்டமோ காலோ கீழேயும் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு ஆளுக்கொரு யோசனை காத்திருக்கும். “கடைசி நேரத்துல தானா திரும்பிடும், பயப்படாதே” என்பார் மாமியார். “எப்படியும் ஆபரேஷன்தானே, நல்ல நாளாப் பார்த்துடலாம்” என்று காலண்டரைப் புரட்டுவார் அப்பா. கணவர் ராத்திரி முழுக்க வீடியோ பார்த்துவிட்டு, நாலு தலையணையை அடுக்கி இடுப்பைத் தூக்கிப் படுக்கச் சொல்வார்.

இந்தக் குழப்பத்தில் எழுதிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: நார்மலுக்கு முயற்சி பண்ணலாமா, சிசேரியனே நல்லதா? இதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று விட்டுப்போகிறது. குழந்தையை வெளியிலிருந்தே திருப்பிப் பார்க்க முடியுமா?

அந்தக் கேள்வியை நாங்களும் கேட்கவில்லை. 2016ல் என் தங்கைக்குத் தலைப்பிரசவம். 37வது வாரத்தில் “குழந்தை உட்கார்ந்த மாதிரி இருக்கு, அடுத்த வாரம் அட்மிட் ஆகிடுங்க” என்றார்கள். சரி என்று போய்ச் சேர்ந்தோம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். மூன்று வருடம் கழித்து அடுத்த கர்ப்பம். இந்தத் தடவை குழந்தை சமர்த்தாகத் தலைகீழாகத்தான் இருந்தது. ஆனாலும் போன இடத்திலெல்லாம் “முதல்ல சிசேரியன்தானே? அப்போ இதுவும் அதுதான்” என்றார்கள். முதல் தடவை எடுத்த முடிவு இரண்டாவதையும் சேர்த்தே எடுத்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு தேடிப் படித்ததையும், தெரிந்த மகப்பேறு டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் சொல்வதற்கு மேல் இதை வைக்க வேண்டாம். அவரிடம் என்ன கேட்பது என்பதற்கு இது உதவினால் போதும்.

## இது எவ்வளவு அரிது?

28வது வாரத்தில் ஸ்கேன் எடுத்தால் நான்கைந்து குழந்தைகளில் ஒன்று தலை மேலேயும் புட்டம் கீழேயுமாக இருக்கும். அந்த நேரத்தில் அதற்கு அர்த்தமே இல்லை; உள்ளே நீந்த இடம் இருக்கிறது, திரும்பிவிடும். மாதம் நிறையும்போது 100க்கு 3, 4 பேருக்குத்தான் அப்படியே நிற்கும். அதனால் ஏழாம் மாத ரிப்போர்ட்டைப் பார்த்து யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 36 வாரம் தாண்டியும் திரும்பாவிட்டால்தான் பேச்சே. மாமியார் சொல்கிற ‘தானாகத் திரும்புவது’ அதற்கப்புறமும் நடக்கும், ஆனால் குறைவு. தலைச்சன் கர்ப்பத்தில் 36 வாரத்துக்கு மேல் தானாகத் திரும்புவது 100க்கு 8 பேருக்குத்தான்.

ஏன் திரும்பவில்லை என்று கேட்டால் பல நேரம் காரணம் எதுவும் கிடைக்காது. சிலருக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கி இடத்தை அடைத்திருக்கும். சிலருக்குக் கருப்பையில் நார்த்திசுக் கட்டி இருக்கும், அல்லது கருப்பையே இரண்டாகப் பிரிந்த அமைப்பில் இருக்கும். பனிக்குட நீர் அதிகமானாலும் குறைந்தாலும் இப்படி ஆகலாம். நீங்கள் ஒருக்களித்துப் படுத்ததாலோ, வண்டியில் போனதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ ஆனதில்லை.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது?

முதலில் குழந்தை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கேளுங்கள். ‘ப்ரீச்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நிலைகள் இருக்கின்றன. புட்டம் கீழே, இரண்டு காலும் மேல்நோக்கி நீட்டி, பாதம் முகத்தருகில் இருப்பது ஒன்று. மாதம் நிறைந்தவர்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருப்பது இரண்டாவது. ஒரு காலோ இரண்டு காலோ புட்டத்துக்கும் கீழே தொங்குவது மூன்றாவது. இந்தக் கடைசி வகைக்கும் முதல் வகைக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கால் தொங்கும் நிலையில் பனிக்குடம் உடைந்தால், அடைக்க எதுவும் இல்லாமல் தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் வெளியே நழுவிவிடலாம். இப்படி ஆவது 100க்கு 15 பேர் வரை. கால் மேலே மடங்கிய முதல் வகையில் 200க்கு ஒருவருக்குத்தான்.

அடுத்தது, இது எத்தனையாவது பிரசவம், இதற்குப் பிறகு எத்தனை குழந்தைகள் வேண்டும் என்பது. டாக்டர் பல சமயம் இதைக் கேட்பதில்லை, நாமாகவும் சொல்வதில்லை. ஒன்றோடு போதும் என்பவருக்கும் மூன்று வேண்டும் என்பவருக்கும் ஒரே கணக்கு சரிவராது.

மூன்றாவதாக, நீங்கள் போகும் ஆஸ்பத்திரியில் இந்த வேலை தெரிந்த கைகள் இருக்கின்றனவா? என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் எடை அதிகம். சிசேரியன் எல்லா மகப்பேறு டாக்டருக்கும் தெரியும். குழந்தையைத் திருப்புவதும், ப்ரீச் பிரசவம் பார்ப்பதும் அப்படியில்லை.

இவற்றோடு குழந்தையின் எடை, நஞ்சுக்கொடி இருக்கும் இடம், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, கையில் காசு எவ்வளவு என்பதெல்லாம் சேரும்.

## வழி 1: வெளியிலிருந்து திருப்புவது

டாக்டர்கள் இதை ‘இசிவி’ என்பார்கள். வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, குழந்தையின் புட்டத்தை இடுப்பெலும்புக்குள்ளிருந்து மேலே தள்ளி, தலையை மெல்லக் கீழே கொண்டுவருவது. குழந்தை உள்ளே ஒரு குட்டிக்கரணம் அடிக்கிறது, அவ்வளவுதான். கத்தியும் இல்லை, தையலும் இல்லை.

தலைச்சன் பிள்ளைக்காரிக்கு 36வது வாரத்திலிருந்தும், ஏற்கெனவே பெற்றவருக்கு 37வது வாரத்திலிருந்தும் செய்வார்கள். முதலில் ஸ்கேன், பிறகு குழந்தையின் இதயத்துடிப்பை மெஷினில் அரைமணி நேரம் போலப் பதிவு செய்வார்கள். கருப்பை இறுகாமல் இருக்க ஒரு ஊசி போடுவார்கள். அது போட்டதும் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடவென்று அடிக்கும், முன்கூட்டியே தெரிந்தால் பயம் இருக்காது. திருப்பும் வேலை சில நிமிடம்தான். வலி ஆளுக்கு ஆள் மாறுகிறது: சிலர் அழுத்தம்தான் என்கிறார்கள், சிலர் பல்லைக் கடித்துக்கொண்டேன் என்கிறார்கள். தாங்க முடியவில்லை என்றால் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லலாம், நிறுத்த வேண்டும். முடிந்ததும் மறுபடி இதயத்துடிப்பு பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் ‘ஆன்டி டி’ ஊசி போட வேண்டும். இதை ஞாபகப்படுத்த வெட்கப்பட வேண்டாம்.

பலிக்குமா? ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பலிக்கிறது. பிரித்துச் சொன்னால் தலைப்பிரசவக்காரர்களில் 100க்கு 40, ஏற்கெனவே பெற்றவர்களில் 60. வயிற்றுத் தசை இளகியிருப்பது அவர்களுக்கு உதவுகிறது. பனிக்குட நீர் தாராளமாக இருந்தாலும், புட்டம் இன்னும் இடுப்புக்குள் இறங்காமல் இருந்தாலும் வாய்ப்பு கூடும். திரும்பிய குழந்தை மறுபடி பழைய நிலைக்குப் போவது 100க்கு 3 போல.

ஆபத்து என்று பார்த்தால், 200 பேரில் ஒருவருக்கு அன்றைக்கே அவசர சிசேரியன் தேவைப்படுகிறது. காரணம் ரத்தப்போக்காக இருக்கலாம், குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி ஏறாமல் போவதாக இருக்கலாம். அதனால்தான் இதை ஆபரேஷன் தியேட்டர் பக்கத்தில் இருக்கும் இடத்தில் மட்டும் செய்ய வேண்டும். ஊரில் பாட்டிமார் எண்ணெய் தடவி வயிற்றை நீவித் திருப்புவதைச் சிலர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். ஸ்கேன் இல்லாமல், நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல், துடிப்பைப் பார்க்காமல் செய்யும் அந்த வேலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தயவுசெய்து வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு? பலிக்காமல் போனால் வலியும் ஒரு நாள் அலைச்சலும் ஏமாற்றமும்தான். பலித்தாலும் நார்மல் டெலிவரி நிச்சயம் என்று எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஆரம்பத்திலிருந்தே தலை கீழே இருந்தவர்களைவிட இவர்களுக்குச் சிசேரியன் சற்று அதிகமாகவே ஆகிறது.

எல்லோருக்கும் இது செய்ய முடியாது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தால், சமீபத்தில் ரத்தம் பட்டிருந்தால், பனிக்குடம் உடைந்திருந்தால், இரட்டைக் குழந்தை என்றால், குழந்தையின் துடிப்பு ஏற்கெனவே சரியில்லை என்றால் இந்தப் பேச்சே கிடையாது. முன்பு ஒரு சிசேரியன் ஆனவர் என்பது மட்டும் முழுத் தடை இல்லை. பல டாக்டர்கள் தயங்குவார்கள் என்பது வேறு விஷயம்.

பெரிய சங்கடம், செய்பவரைத் தேட வேண்டியிருப்பது. பிரிட்டனில் மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டுதலே தகுதியுள்ள எல்லாப் பெண்ணிடமும் இதைச் சொல்லச் சொல்கிறது. இங்கே நாமாகக் கேட்டால்தான் பேச்சு எழும். உங்கள் டாக்டர் செய்வதில்லை என்றால் “யார் செய்வாங்க, எழுதித் தர முடியுமா?” என்று கேளுங்கள். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரிகளில் விசாரிப்பது நல்ல தொடக்கம். 36வது வாரத்திலேயே கேட்க வேண்டும். 39ல் கேட்டால் குழந்தை வளர்ந்து, இடம் சுருங்கி, நாளும் போயிருக்கும்.

## வழி 2: தேதி குறித்துச் சிசேரியன்

ப்ரீச் என்றாலே சிசேரியன் என்ற நிலைமைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கனடாவின் டொராண்டோவிலிருந்து நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு 2000ல் வெளியானது. 26 நாடுகள், 121 ஆஸ்பத்திரிகள், 2,088 பெண்கள். முன்கூட்டியே சிசேரியன் திட்டமிட்ட பிரிவில் 1.6% குழந்தைகளுக்கும், ப்ரீச்சாகவே பிரசவம் திட்டமிட்ட பிரிவில் 5% குழந்தைகளுக்கும் இறப்போ கடுமையான பாதிப்போ நேர்ந்தது. உலகம் ஒரே வருடத்தில் மாறிவிட்டது. நெதர்லாந்தில் ப்ரீச் குழந்தைகளுக்கான சிசேரியன் இரண்டே மாதத்தில் 50 சதவீதத்திலிருந்து 80 சதவீதமானது. அதே குழந்தைகளை இரண்டு வயதில் பார்த்தபோது, இறப்பிலும் வளர்ச்சிக் குறைபாட்டிலும் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அது வந்தது 2004ல். அதற்குள் பழக்கம் மாறி, ப்ரீச் பிரசவம் பார்க்கும் பயிற்சியும் கைவிட்டுப் போகத் தொடங்கிவிட்டது.

அதற்காகச் சிசேரியனை மட்டம் தட்ட முடியாது. பிறக்கும் அந்த நேரத்தில் குழந்தைக்கு அதுதான் பாதுகாப்பு அதிகம். பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்கள் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதலின் கணக்கு இது: 39 வாரத்துக்குப் பின் திட்டமிட்ட சிசேரியனில் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 0.5, ப்ரீச்சாகவே திட்டமிட்ட பிரசவத்தில் ஆயிரத்துக்கு 2, தலை கீழே இருக்கும் சாதாரணப் பிரசவத்தில் ஆயிரத்துக்கு 1. மூன்றுமே சின்ன எண்கள்தான். ‘நான்கு மடங்கு’ என்று சொன்னால் பயமாக இருக்கும். ‘ஆயிரத்தில் ஒன்றிரண்டு’ என்று சொன்னால் துணிச்சல் வரும். இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

இனி பில்லில் வராத செலவுகளுக்கு வருவோம்.

முதலாவது தேதி. கோச்செங்கட் சோழனின் தாய், ஒரு நாழிகை தள்ளிப் பிறந்தால் பிள்ளை உலகாளும் என்று சோதிடர் சொன்னதால் தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் சொன்ன கதை தெரிந்திருக்கும். இன்றைக்கு நல்ல நேரத்துக்காகப் பிறப்பைத் தள்ளிப்போடுவதில்லை, முன்னால் இழுக்கிறோம். ‘அந்த வாரம் அஷ்டமி வருது, இந்த வியாழனே வெச்சுக்கலாமா டாக்டர்?’ என்று 37, 38வது வாரத்துக்கே தேதி நகர்ந்துவிடும். டென்மார்க்கில் செய்து 2008ல் வெளியிட்ட ஆய்வில், வலி வருமுன் திட்டமிட்டுச் செய்த சிசேரியனில் பிறந்த குழந்தைகளுக்கு மூச்சுத் தொல்லை 37வது வாரத்தில் 10%, 38ல் 5%, 39ல் 2% என்று இருந்தது. நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்றால் பாருங்கள், 39 வாரம் முடிந்த நாட்களுக்குள் பாருங்கள்.

இரண்டாவது, என் தங்கை மூலம் நான் தெரிந்துகொண்டது: அடுத்த கர்ப்பம். ஒரு சிசேரியனுக்குப் பிறகு நார்மலுக்கு முயற்சி செய்பவர்களில் 100க்கு 70க்கு மேல் வெற்றி பெறுகிறார்கள். தையல் போட்ட இடம் பிரியும் ஆபத்து 200ல் ஒருவருக்கு. ஆனால் அந்த முயற்சிக்கு ஒத்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி உங்கள் ஊரில் இருக்க வேண்டுமே. இல்லையென்றால் இரண்டாவதும் சிசேரியன், மூன்றாவதும் அதுவே. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒட்டல்கள் கூடும். இதில் பயப்பட வேண்டியது நஞ்சுக்கொடி பழைய தழும்பில் வேர்விட்டுப் பிரியாமல் போவது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கும் பெண்களை மட்டும் எடுத்தால், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களில் 11 சதவீதமும், இரண்டு ஆனவர்களில் 40 சதவீதமும் இந்தச் சிக்கலைச் சந்தித்ததாக அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அப்போது கருப்பையையே எடுக்க வேண்டிவரலாம். ஒரே குழந்தை போதும் என்பவர் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். மூன்று வேண்டும் என்பவர் இரண்டு தடவை படிக்கட்டும்.

மூன்றாவது உடம்பு தேறும் காலம். ஆறு வாரத்துக்குக் கனம் தூக்க முடியாது, தும்மினால் தையல் இழுக்கும், முதல் சில நாட்கள் பால் கொடுக்க உட்காரவே ஒருவர் பிடிக்க வேண்டும். தாய்வீட்டில் இருப்பவருக்கு இது சமாளிக்கக்கூடியது. பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் வேறு கதை.

பணம் என்று வந்தால், அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியனும் இலவசம்தான். மருந்து, ரத்தம், போக்குவரத்து வரை 2011ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் அடங்கும். தனியாரில் எழுதிய தொகைக்கு மேல் குழந்தை டாக்டர், மயக்க மருந்து டாக்டர், கூடுதல் நாள் அறை வாடகை என்று ஏறும். முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மொத்தப் பிரசவங்களில் 44.9% சிசேரியன்: அரசில் 36%, தனியாரில் 63.8%. இவ்வளவு அறுவை நடக்கும் ஊரில், ப்ரீச் என்ற காரணம் கிடைத்தால் மாற்று வழி பேசப்படாமல் போவதில் ஆச்சரியமில்லை.

கால் தொங்கும் நிலை, குழந்தை மிகப் பெரியது அல்லது வளர்ச்சி குன்றியது, தலை பின்னால் அண்ணாந்து இருப்பது, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் சிசேரியன்தான் சரி. அங்கே யோசிக்க ஒன்றுமில்லை.

## வழி 3: ப்ரீச்சாகவே சுகப்பிரசவம்

எங்கள் ஊரில் காலால் பிறந்த பெரியவர் ஒருவர் இருந்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டால் அவர் வீட்டு வாசலில் போய்க் குப்புறப் படுப்பார்கள், அவர் காலால் மெல்ல மிதிப்பார். பிடிப்பு விட்டதோ இல்லையோ, காலால் பிறந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. “அந்தக் காலத்துல எல்லாம் வீட்லயே பொறந்துதே” என்று சொல்பவர்கள் அவரைத்தான் நினைக்கிறார்கள். பிறக்கும்போதே போன குழந்தைகளுக்கு ஊரில் பெயர் இல்லை, அவர்களை யாரும் எண்ணிச் சொல்வதில்லை.

இதில் சிரமம் எங்கே என்றால், குழந்தையின் உடம்பிலேயே பெரிய பாகமான தலை கடைசியில் வருகிறது. சாதாரணப் பிரசவத்தில் தலை மணிக்கணக்கில் வழியைத் திறந்துகொண்டு, தன்னையும் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு வரும். இங்கே உடம்பு வெளியே வந்துவிட்டது, தலை உள்ளே. தொப்புள்கொடி தலைக்கும் எலும்புக்கும் நடுவில் நசுங்குகிறது. கையில் இருப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் எப்போது கை வைக்காமல் சும்மா இருப்பது, எப்போது குழந்தையைச் சுழற்றித் தோளை விடுவிப்பது, எப்படித் தலையைக் குனியவைத்து எடுப்பது என்பது புத்தகத்தில் படித்து வருவதில்லை. பதறிப்போய் இழுத்தால் கை மேலே தூக்கிக்கொள்ளும், தலை அண்ணாந்துகொள்ளும், நிலைமை மோசமாகும். இதில் பழகிய டாக்டர்கள் பெரும்பாலான நேரம் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள் என்று ஒரு மூத்த மகப்பேறு டாக்டர் சொன்னார்.

பழகிய கைகள் இருந்தால் முடிவு வேறு மாதிரி இருக்கும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் 174 ஆஸ்பத்திரிகளில் 8,105 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2006ல் வெளியிட்டார்கள். அங்கே ப்ரீச் பிரசவம் வழக்கத்தில் இருந்தது, தேர்வு செய்யும் விதிகள் கறாராக இருந்தன. இறப்பும் கடுமையான பாதிப்பும் திட்டமிட்ட பிரசவத்தில் 1.60%, திட்டமிட்ட சிசேரியனில் 1.45%. சொல்லப்போனால் வித்தியாசமே இல்லை. டொராண்டோ ஆய்வையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, ஆபத்து ப்ரீச்சில் பாதி, பிரசவம் பார்ப்பவரின் அனுபவத்தில் மீதி.

ஆக, இது யாருக்கு? கால் மேலே மடங்கிய அல்லது சம்மணமிட்ட நிலை, தலை நன்றாகக் குனிந்திருப்பது, எடை 3.8 கிலோவுக்குள், ஆனால் வளர்ச்சி குறையாத குழந்தை. ஏற்கெனவே சுகப்பிரசவம் ஆன தாய் என்றால் இன்னும் நல்லது. வலி தானாக வர வேண்டும், மருந்து வைத்து வரவழைப்பதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். பிரசவம் முழுக்கக் குழந்தையின் துடிப்பு மெஷினில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் தியேட்டர் தயாராக இருக்க வேண்டும், அந்தக் குறிப்பிட்ட அனுபவம் உள்ள டாக்டரும் அங்கே இருக்க வேண்டும். ‘பகல்ல நான் இருப்பேன், ராத்திரி டூட்டி டாக்டர் பார்ப்பாங்க’ என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

இதற்கும் மறைவான செலவு உண்டு. நார்மலுக்கு என்று திட்டமிட்டுப் போனவர்களிலும் 100க்கு 30 முதல் 40 பேருக்கு நடுவழியில் அவசர சிசேரியன் ஆகிறது. வலியும் பட்டு, ஆபரேஷனும் ஆகும். அவசரமாகச் செய்யும் சிசேரியன், நிதானமாகச் செய்வதைவிடத் தாய்க்குச் சிரமம் கூடியது.

தமிழ்நாட்டின் இன்றைய நிலைமையில் தலைப்பிரசவக்காரர் ஒருவருக்கு நான் இதைப் பரிந்துரைக்கத் துணிய மாட்டேன். தப்பான வழி என்பதால் இல்லை, கை கிடைப்பது கஷ்டம் என்பதால். ஒரு விதிவிலக்கு உண்டு. வலி வந்து, ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போதே புட்டம் தெரிகிறது என்றால் அப்போது ஆபரேஷனுக்கு ஓடுவதைவிட அங்கேயே பெறுவது நல்லதாக இருக்கலாம். அந்த முடிவு டாக்டருடையது.

## வீட்டு முயற்சிகள்

இடுப்பைத் தூக்கிப் படுப்பது, முழங்கால் போட்டுக் குனிவது: இவை குழந்தையைத் திருப்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மயக்கம் வராமல், சுகமாக இருந்தால் செய்துகொள்ளலாம். அதை நம்பி 36வது வாரத்தைத் தாண்டவிடுவதுதான் நஷ்டம். சீன வைத்தியத்தில் கால் சுண்டுவிரல் ஓரத்தில் மூலிகைச் சூடு காட்டும் முறைக்கு ஓரளவு சாதகமான ஆய்வுகள் உண்டு, 33 முதல் 35வது வாரத்துக்குள், பயிற்சி உள்ளவரிடம் மட்டும். நம் ஊரில் அதற்கு ஆள் தேடி அலைவதைவிட இசிவி செய்யும் டாக்டரைத் தேடுவது மேல்.

## பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்

| | வெளியிலிருந்து திருப்புவது | தேதி குறித்த சிசேரியன் | ப்ரீச்சாகவே பிரசவம் |
|---|---|---|---|
| எப்போது | 36–37வது வாரம் | 39 வாரம் முடிந்த பின் | வலி தானாக வரும்போது |
| நினைத்தது நடக்குமா | பாதிப்பேருக்குத் திரும்பும் | தேதிக்கு முன் வலி வராவிட்டால் நடக்கும் | 60–70% பேருக்கு |
| குழந்தைக்கு | 200ல் ஒருவருக்கு அவசர சிசேரியன் | இறப்பு ஆயிரத்துக்கு 0.5 | இறப்பு ஆயிரத்துக்கு 2 |
| தாய்க்கு | சில நிமிட வலி | வயிற்றில் அறுவை, ஆறு வாரம் ஓய்வு | நடந்தால் சீக்கிரம் தேறலாம், இல்லையென்றால் அவசர அறுவை |
| அடுத்த கர்ப்பம் | பலித்து நார்மல் ஆனால் தழும்பு இல்லை | தழும்பின் ஆபத்து தொடரும் | நார்மலானால் தழும்பு இல்லை |
| இல்லாமல் முடியாதது | பழகிய டாக்டர், ஸ்கேன், பக்கத்தில் தியேட்டர் | தியேட்டர் | ப்ரீச் பழகிய டாக்டர் இரவும் பகலும் |

அட்டவணையில் மூன்றும் போட்டி போடுவது போலத் தெரிகிறது. நடைமுறையில் முதலாவதைச் செய்து பார்த்துவிட்டு, பலிக்காவிட்டால் மற்ற இரண்டில் ஒன்றுக்குப் போகலாம். திருப்பிப் பார்ப்பதால் சிசேரியன் வாய்ப்பு எதுவும் கைவிட்டுப் போவதில்லை. தகுதி இருக்கிறது, செய்பவர் கிடைக்கிறார் என்றால் நான் அங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன், முக்கியமாக இது இரண்டாவது பிரசவமாக இருந்தாலோ, இன்னும் குழந்தைகள் வேண்டும் என்றாலோ. 38 வயதில் பல வருட சிகிச்சைக்குப் பின் தரித்த ஒரே குழந்தை, இதற்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தவர், “எனக்கு ஒரு சதவீத ரிஸ்க்கும் வேண்டாம்” என்கிறார் என்றால், நேராகச் சிசேரியனுக்குப் போவதில் எந்தக் கோழைத்தனமும் இல்லை.

சிசேரியன் என்று முடிவானாலும் இரண்டு விஷயம் பாக்கி. ஆபரேஷன் அன்று காலையில் மறுபடி ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் தானாகத் திரும்பிய குழந்தைக்காக வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். தேதிக்கு முன்பே பனிக்குடம் உடைந்தால் உடனே 108ஐக் கூப்பிட்டு, ப்ரீச் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் முழங்காலும் நெஞ்சும் தரையில் படும்படி குனிந்து, இடுப்பை மேலே தூக்கி இருங்கள். அந்த முழங்கால் போடும் நிலைக்கு உண்மையான உபயோகம் அங்கேதான்.

கடைசியாக, எந்த வழியில் பிறந்தாலும் சரி, கடைசி மாதத்தில் ப்ரீச்சாக இருந்த குழந்தைக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம். திரும்பிய குழந்தைக்கும் இது பொருந்தும். ஆறு வார வயதில் இடுப்பு ஸ்கேன் ஒன்று எடுத்தால் தெரிந்துவிடும்; அப்போது கண்டுபிடித்தால் வார்ப்பட்டை போட்டே சரிசெய்யலாம், நடக்கத் தொடங்கிய பின் தெரிந்தால் ஆபரேஷன் வரை போகும். என் தங்கையின் டிஸ்சார்ஜ் சீட்டில் அதுவும் எழுதியிருக்கவில்லை. இரண்டு மாதத் தடுப்பூசிக்குப் போனபோது ஒரு நர்ஸ் அக்காதான் “ப்ரீச்சா? இடுப்பு ஸ்கேன் எடுத்தாச்சா?” என்று கேட்டார்.